ஏணிப் படங்களும் பதினோரு நாளும்

மகளுக்கு,

உன் ஆய்வேடு சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நல்ல கனமான புத்தகம், நீல அட்டை, முதுகில் உன் பெயர் பொன்னெழுத்தில். நீ போனில் கேட்டபோது "வந்துச்சும்மா, பாத்தேன், சந்தோஷம்" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டேன். அம்மாவுக்குச் சந்தோஷம் மிஞ்சிப்போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவள், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் எழுத வேண்டும் என்று அவர்களை வதைத்தவள், என் விஷயத்தில் மட்டும் நேராக எழுத எத்தனை நாள் எடுத்துக்கொண்டேன் என்பதை வாசிக்க வாசிக்க நீயே அறிந்துகொள்வாய்.

புத்தகத்தைப் பிரித்ததும் முன்பக்கங்களை எல்லாம் தள்ளிவிட்டு நேரே படங்களுக்குப் போனேன். நாலாம் அத்தியாயத்தில் இருக்கின்றன. செம்புப் பளிங்கை முன்னும் பின்னுமாக ஆயிரக்கணக்கான தடவை இழுத்து அமுக்கி, பிறகு மெல்லிய ஏடாகச் சீவி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து எடுத்த படங்கள். முதல் படத்தில் கறுப்புத் திட்டுகள், இடையில் வெளிச்சமான வாய்க்கால்கள். அடுத்ததில் அந்தத் திட்டுகளை ஊடறுத்துக்கொண்டு ஒடுக்கமான ஒரு பட்டி, அதற்குள் ஏணியின் படிகள் மாதிரி வரிசையாகக் குறுக்குச் சுவர்கள். யாரோ அடிமட்டம் வைத்துக் கீறியது போல அத்தனை ஒழுங்கு. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஏற்கெனவே துவைத்துக் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் துவைத்தேன். உன் அப்பா குசினிக் கதவடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பொறாமை, மகள். வேறு எந்த நல்ல பெயரும் அதற்குப் போட முடியாது. பெற்ற பிள்ளையின் மேல் பொறாமை.

இரத்தோட்டைக்கு மேலே தாத்தா டீ மேக்கராக, தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பாக இருந்த தோட்டத்தை நீ கண்டதில்லை. எனக்குப் பதினைந்து வயதில் அந்த ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலரின் தண்டு ஒருநாள் வேலை நடக்கும்போதே இரண்டாக முறிந்தது. தாத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் முறிந்த முகத்தைக் குனிந்து பார்த்தேன். பாதி வழவழப்பாக, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களுடன் இருந்தது. மீதிப் பாதி உடைத்த கருப்பட்டி போலச் சொரசொரப்பாக இருந்தது. "இரும்பு கெட்டுப்போச்சு" என்றார் தாத்தா. "நேத்து இதே பாரத்தை இழுத்துச்சே, இன்னைக்கு மட்டும் ஏம்ப்பா முறியணும்?" என்று கேட்டேன். "போம்மா, கொழுந்து வாடுது" என்றார். அந்தக் கேள்விதான் என்னைப் பல்கலைக்கழகம் வரை தள்ளிக்கொண்டு போனது.

அங்கே கடைசி வருடம் பேராசிரியர் எனக்கு ஒரு வேலை தந்தார். செம்புத் துண்டைக் கண்ணாடி போல மெருகேற்றி, கையால் சுழற்றும் பொறி ஒன்றில் மாட்டி, இப்படியும் அப்படியும் வளைக்க வேண்டும். சுற்றுகளை எண்ண வேண்டும். பிறகு சாதாரண நுணுக்குக்காட்டியில் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். மெல்லிய கோடுகள் எழும்பியிருந்தன. அவற்றைத் தேய்த்து அழித்து மறுபடி மெருகேற்றி, மறுபடி வளைத்தேன். அதே இடத்தில் அதே கோடுகள் வந்தன. மூன்றாம் தடவையும் அழித்தேன், மூன்றாம் தடவையும் வந்தன. நான் அழித்தது வெறும் தோலைத்தான், விஷயம் உள்ளே ஆழத்தில் இருக்கிறது என்று அன்று புரிந்தது. எனக்கு முன்பே உலகம் அதைக் கண்டுபிடித்திருந்தது என்பது தெரியும். ஆனாலும் என் கையால், என் எண்ணிக்கையில் அது வந்தபோது ஆய்வுகூடத்தில் தனியாக நின்று சிரித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பேராசிரியர் ஒரு சஞ்சிகையில் காட்டினார். உன் ஏணிப் படத்தின் பழைய, மங்கலான ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள். "இங்கிலாந்தில் இந்தப் படம் எடுக்கும் கருவி இருக்கிறது, போகிறாயா?" என்று கேட்டார். கடிதம் எழுதினார். இடமும் கிடைத்தது.

நான் ஏன் போகவில்லை என்ற கதையை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பிரஜாவுரிமைச் சான்றிதழின் பிரதி அரசாங்கக் கந்தோரிலிருந்து வரவில்லை, அது இல்லாமல் பாஸ்போட் எடுக்க முடியவில்லை, தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் விண்ணப்பத்தை யார் பார்த்தார்கள், இப்படியெல்லாம். அந்தக் காலத்துக் கொடுமை ஒன்றும் பொய்யில்லை. எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். ஆனால் என்னுடைய பத்திரம் வந்தது, மகள். தாமதமாக வந்தது, ஆனாலும் நேரத்துக்குள் வந்தது. பேராசிரியர் இன்னும் இரண்டு மாதம் இடத்தைப் பிடித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தார். "குடும்ப நிலைமை இடம் தரவில்லை" என்று நான்தான் அவருக்குப் பதில் எழுதினேன். என்னைக் குடும்பத்தில் ஒருவரும் தடுக்கவில்லை. பயம். ஆங்கிலத்தில் பேசப் பயம். உண்மையான கருவியின் முன்னால் நின்றால் நான் ஒன்றும் பெரிய கெட்டிக்காரி இல்லை என்று தெரிந்துவிடுமோ என்ற பயம். நாட்டின் அநியாயம் பெரிதாக இருந்ததால் என் கோழைத்தனத்தை அதன் பின்னால் நிற்க வைத்துவிட்டேன். எல்லாரும் எனக்காக இரக்கப்பட்டார்கள். மாத்தளையில் ஆசிரியை வேலை கிடைத்தது, தபால் கந்தோரில் வேலை செய்த உன் அப்பாவைக் கட்டிக்கொண்டேன், நீ பிறந்தாய்.

நீ அப்பா பிள்ளை. அதிலும் எனக்கு எரிச்சல் இருந்தது என்பதை இப்போது சொல்லி விடுகிறேன். கணக்கு செய்ய என்னிடம் வருவாய், கணக்கு சரி வந்ததும் அதைக் காட்ட அவரிடம் ஓடுவாய். அவருக்கு அது என்ன கணக்கு என்றே தெரியாது. "ஆ, சரியா வந்துடுச்சா" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக நீ முகம் மலர்ந்ததை நான் மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு நீயும் பல்கலைக்கழகம் போனாய், நீயாகவே உலோகத்தைத் தேர்ந்தெடுத்தாய். ஒரு விடுமுறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பளிங்கில் அணுக்களின் வரிசை பிசகிய கோட்டுக்குத் தமிழில் என்னம்மா என்று கேட்டாய். "இடப்பெயர்வு" என்றேன். அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கி, "யாரு, எந்த ஊர்ச் சனம்?" என்று கேட்டார். யுத்தத்தால் வன்னியிலிருந்து வந்த குடும்பங்கள் நம் ஊரில் வாடகை வீடு தேடி அலைந்த நேரம் அது. நீ சிரித்து, ஒரு தாளை எடுத்து அவருக்குப் படம் கீறிக் காட்டினாய். "ஒரு வரிசை அணு பாதியில நின்னுடும்ப்பா. வளைக்க வளைக்க அந்தக் கோடு நகரும். ஒண்ணு பலதாகும். எதிரெதிரா வர்றது ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நின்னுடும். அப்படியே சேர்ந்து சேர்ந்து திட்டுத் திட்டாகும்." நான் உனக்குச் சொல்லித் தந்ததை விட நீ நன்றாகச் சொன்னாய். அப்பாவுக்கே விளங்கியது. எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டாயிரமாம் ஆண்டு நீ வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தபோது, நம் வீட்டு மேட்டுப் பாதைக்குத் தபால்காரர் ஒழுங்காக ஏறுவதில்லை என்று என் பாடசாலை முகவரியைக் கொடுத்திருந்தாய். கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆசிரியர் அறைக்கு வந்தது. வெளிநாட்டு முத்திரை, தடித்த உறை. உன் பெயருக்கு வந்ததை நான் பிரித்தேன். அதுவே முதல் பிழை. இடம் கிடைத்திருந்தது, உதவித்தொகையும் இருந்தது, எந்த ஆய்வுகூடம் என்பதும் இருந்தது. செம்பு, உலோகக் களைப்பு, இலத்திரன் நுணுக்குக்காட்டி. என் வாழ்க்கையில் எனக்கு வந்த கடிதத்தையே யாரோ இருபத்தைந்து வருடம் கழித்து உன் பெயருக்கு மாற்றி அனுப்பியது போல இருந்தது. இன்ன தேதிக்குள் கையெழுத்திட்டுப் பதில் வர வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. அதை மடித்து மேசையின் இழுப்பு லாச்சியில், விடைத்தாள்களுக்கு அடியில் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

நீ தினமும் கேட்டாய். "இன்னைக்கும் ஒண்ணும் வரலையாம்மா?" வாசலிலேயே நின்று கேட்பாய், நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால். "இல்லையேம்மா" என்பேன். நாலாம் நாள் உன் முகம் வாடியிருந்தது. எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதே நேரம் ஒரு இதமும் இருந்தது. கிடைக்காமல் போனால் எப்படி இருக்கும் என்று இவளுக்கும் தெரியட்டும் என்ற இதம். ஒரு தாயின் வாயிலிருந்து இது வரலாமா என்று நீ கேட்கலாம். வந்ததைத்தான் எழுதுகிறேன். பத்தாம் நாள் நீ, "கெடைக்கலைன்னா இங்கேயே ஒரு ஸ்கூல்ல சேந்துடுறேன்மா, ஒங்கள மாதிரி" என்றாய். ஆறுதலுக்காகச் சொன்னாய். என்னை மாதிரி. மறுநாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து உன் கையில் கொடுத்தேன். "இன்னைக்குத்தான் வந்துச்சு" என்றேன். பதில் போய்ச் சேர இரண்டு நாள்தான் மீதி.

நீ உறையைத் திருப்பிப் பார்த்தாய். பின்பக்கம் நம் ஊர்த் தபால் முத்திரை, பதினோரு நாளுக்கு முந்திய தேதியோடு. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அப்பா நாற்காலியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "அப்பா, பதினொரு நாளா இது ஒங்க கந்தோர்ல எங்க கெடந்துச்சு?" என்று கேட்டாய். அவர் பேப்பரை மடித்தார். உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். "கெடந்திருக்கும் மகள்," என்றார். "ஆமி செக்கிங் அது இதுன்னு பை எல்லாம் குவிஞ்சு கெடக்குது. நான் பாக்காம விட்டிருப்பேன்." நீ அன்று அவரிடம் பேசிய பேச்சை இங்கே திருப்பி எழுத மாட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். நான் உன் கையைப் பிடித்து, "வா, கண்டிக்குப் போய் ஃபெக்ஸ் அடிப்போம்" என்று இழுத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். உன்னை நான் பெற்ற நாளிலிருந்து அப்படி நீ என் மேல் சாய்ந்ததில்லை.

பதில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஏனையவர்கள் முந்திவிட்டதால் நுணுக்குக்காட்டிக் குழுவில் இருந்த இடம் போய், முதல் வருடம் முழுவதும் வேறு ஆய்வுகூடத்தில் துருப்பிடித்த இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த ஒரு வருடமும் நான் எடுத்தது. ஒவ்வொரு கடிதத்திலும் நீ அப்பாவின் கவனக்குறைவைப் பற்றி ஒரு வரி எழுதினாய். பிறகு அந்த வரியையும் விட்டுவிட்டாய், அவரைப் பற்றி எழுதுவதையே விட்டுவிட்டாய். போனில் "அப்பா சுகமா?" என்று என்னிடம் கேட்பாய். அவர் எடுத்தால் "அம்மா இருக்காங்களா?" என்பாய். ஐந்து வருடம். எனக்கு அதில் வருத்தம் இருந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. சரி வந்த கணக்கை இப்போது நீ என்னிடம் கொண்டுவந்தாய். அதை நான் அனுபவித்தேன்.

ஆய்வேட்டை நான் எப்படி வாசித்தேன் என்றும் சொல்கிறேன். சிவப்புப் பேனையோடு வாசித்தேன். நாலு நாள். பிழை தேடினேன். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். திட்டுகளுக்கு நடுவில் இருக்கும் வாய்க்கால்களில் இடப்பெயர்வுகள் போய்வந்துகொண்டிருப்பதையும், ஒரு கட்டத்தில் அந்த அமைப்பு தாங்க முடியாமல் சில இடங்களில் குலைந்து ஏணியாக மாறுவதையும், பிறகு வளைவின் பெரும்பங்கை அந்த ஒடுக்கமான ஏணிகளே தனியாகச் சுமப்பதையும், அவை மேற்பரப்பைத் தொடும் இடத்தில் மேடும் பள்ளமும் உண்டாகி அந்தப் பள்ளத்திலிருந்து வெடிப்பு தொடங்குவதையும் படிப்படியாகக் காட்டியிருக்கிறாய். அந்த ரோலர் தண்டு ஏன் முந்தின நாள் முறியாமல் அன்று முறிந்தது என்பதற்கு என் மகள் இருநூறு பக்கத்தில் பதில் எழுதியிருக்கிறாள். இதையெல்லாம் மனித வாழ்க்கைக்கு உவமையாகச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. என் மாணவிகள் அப்படி எழுதினால் புள்ளி குறைப்பேன். செம்பு செம்புதான். அதற்குப் பொறாமை கிடையாது.

கடைசியில் ஒரு பிழை கிடைத்தது. நாலாம் அத்தியாயம், ஏழாவது படம். அளவுக்கோட்டின் கீழே நீ எழுதியிருக்கும் எண் சரியென்றால், ஏணிப் படிகளுக்கு இடையிலான தூரம் நீ பக்கத்தில் சொல்லியிருப்பதைப் போல இரண்டு மடங்காக வரும். எண்ணைத்தான் மாற்றிப் போட்டிருக்கிறாய். அந்தப் பிற்பகல் முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். சந்திக் கடையில் கால் கிலோ மஸ்கட் இனிப்பு வாங்கி வந்தேன். "என்ன விசேஷம்?" என்று அப்பா கேட்டார். "சும்மாதான்" என்றேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, உன் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து புரட்டினார். நான் தாண்டிப் போயிருந்த நன்றிப் பக்கத்தை அவர்தான் முதலில் வாசித்தார். வாசித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். அன்று என்னோடு கண்டிக்கு ஓடிவந்திருக்காவிட்டால் இந்தப் பக்கங்கள் இல்லை, என் அம்மாவுக்கு, என்று நீ எழுதியிருந்தாய்.

"ஒங்களப் பத்தி ஒண்ணுமில்லையே" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஓடி வரலையே" என்றார். கோபமில்லாமல், யாருடையதோ விலாசத்தைச் சரிபார்ப்பவர் மாதிரி சொன்னார். அங்கேயே அவரிடம் சொன்னேன். லாச்சியில் வைத்தது, பதினோரு நாள், எல்லாம். "தெரியும்" என்றார். "முத்திரை குத்துனதே நான்தான். விலாசப்படிதான் அனுப்பணும், அன்னைக்கே ஒங்க ஸ்கூல் பையில போட்டதும் நான்தான். வெளிநாட்டுக் கடிதம் மகளுக்கு வந்திருக்குன்னு ரெண்டு தரம் விலாசத்தை வாசிச்சேன். அன்னைக்கு நீ கொண்டாந்து குடுப்பேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீயே குடுத்திடுவேன்னு நெனச்சேன். குடுத்துட்டியே."

"அவ ஒங்கள அவ்வளவு பேசுனப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"அவ ஒன்னோட கோவிச்சுக்கிட்டு வெளிநாடு போயிருந்தா நீ தாங்க மாட்ட. நான் தாங்குவேன்னு நெனச்சேன்" என்றார்.

"தாங்குனீங்களா?"

அவர் எழுந்துபோய் மிளகுக் கொடியின் கட்டுகளை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, மகள். இத்தனை பெரிய மனசு இந்த மனுஷனுக்கு எங்கிருந்து வந்தது, எனக்கு ஏன் வரவில்லை என்ற அதே பழைய எரிச்சல்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் தகுதி இருக்கிறது. நீயும் இனிப் படிப்பிக்கப் போகிறாய். உன்னை விடக் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று ஒருநாள் உன் முன்னால் வந்து நிற்கும். உன் அடிவயிறு எரியும். எரியட்டும், அதற்கு வெட்கப்படாதே. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வரும் கடிதத்தை அன்றைக்கே கொடுத்துவிடு. என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நன்றிப் பக்கத்தை அச்சில் மாற்ற முடியாது என்பதும் தெரியும். ஏழாவது படத்தின் எண்ணை மட்டும், கட்டுரையாகப் போடும்போது திருத்திக்கொள்.

இது உன் கைக்கு வந்த பிறகு, வழக்கம் போல ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ எடுப்பாய். நான் போன் பக்கம் வர மாட்டேன். அப்பாதான் எடுப்பார். எடுத்த உடனே, "இரு மகள், அம்மாவைக் கூப்பிடுறேன்" என்பார். ஐந்து வருடமாக அவருக்கு அதுவே பழகிப்போய்விட்டது. வேண்டாம் என்று சொல்.

அம்மா